வாசகர் கேள்வி பதில்: கடற்படை வணக்கமும் கப்பல் மரபும்

சென்ற இதழில், கப்பல் மணி ஏன் அரை மணிக்கொரு தரம் அடிக்கப்படுகிறது என்று கேட்ட மாணவர் ஒருவருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரியும் எதிர்பாராத அளவுக்குக் கடிதங்களைக் கொண்டுவந்துவிட்டன. உட்துறைமுகத்தைச் சுற்றி வீடு கட்டி வாழும் ஊர் நமது திருகோணமலை. காலையில் பியூகிள் ஒலியையும் விசேட நாட்களில் பீரங்கி வேட்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் மதிலுக்கு அப்பால் நடப்பவற்றின் பொருளை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் கடற்படையின் வணக்க முறைகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நான் சீருடை அணிந்தவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார் பிரித்தானியர் காலத்தில், கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளமான டொக்யார்ட்டில் கயிற்று வேலை செய்தவர். நான் துறைமுகத்தோடு தொடர்புள்ள அலுவலகமொன்றில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். அருகில் நின்று பார்த்தவற்றையும் படித்துத் தெளிந்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன்.

இராணுவத்தினர் சல்யூட் செய்யும்போது உள்ளங்கை நம்மைப் பார்த்து விரிந்திருக்கிறது. கடற்படையினர் உள்ளங்கையைக் கீழ்நோக்கி மறைத்துக்கொள்கிறார்கள். ஏன் இந்த வேறுபாடு?
*பாலையூற்றிலிருந்து ஓர் ஆசிரியை*

பெரும்பாலோர் சொல்லும் விடை, தார். பாய்க்கப்பல் காலத்தில் கப்பலின் கயிறுகள் நாரில் திரிக்கப்பட்டவை. உப்பு நீரில் இற்றுப்போகாதிருக்க அவற்றுக்குத் தார் பூசுவார்கள். நாள் முழுவதும் அந்தக் கயிற்றை இழுப்பவனின் உள்ளங்கை கறுத்துப் பிசுபிசுத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட கையை மேலதிகாரியின் முகத்துக்கு நேரே காட்டுவது அழகில்லை என்பதால் மாலுமி அதைக் கீழ்நோக்கித் திருப்பிக்கொண்டான் என்பது கதை. ஆங்கில மாலுமிக்கு 'ஜாக் டார்' என்றே பட்டப்பெயர் இருந்தது. என் தகப்பனாரும் வெள்ளிக்கிழமை மாலையில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் புறப்படுமுன் மண்ணெண்ணெய் தொட்டுக் கைகளைத் தேய்த்துக் கழுவுவார்; அப்படியும் ரேகைகளுக்குள் கறுப்புப் போகாது. அதனால் இந்தத் தார்க் கதையை நம்ப எனக்கு ஆசைதான்.

ஆனால் ஆசை வேறு, சான்று வேறு. பிரித்தானியக் கடற்படையில் கையை உயர்த்திச் செய்யும் வணக்கம் 1890இல்தான் ஒழுங்காக விதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் தொப்பியைக் கழற்றுவதோ அதன் விளிம்பைத் தொடுவதோதான் மரியாதை. தம்முன் வந்து நின்றவர்கள் வெறுந்தலையோடு நிற்பதை விக்டோரியா மகாராணி விரும்பவில்லை என்றும், அதனாலேயே கை வணக்கம் வந்தது என்றும் கடற்படையினர் சொல்வதுண்டு. 1890 நீராவிக் கப்பல்களின் காலம். தார்க் கயிற்றின் பெருமை ஏறத்தாழ முடிந்துபோயிருந்த காலம். என் எளிய அபிப்பிராயம் என்னவென்றால், தொப்பியின் முன்விளிம்பைத் தொடப் போகிற கை இயல்பாகவே உள்ளங்கை கீழ்நோக்கித்தான் போகும். வீட்டில் ஒரு தொப்பியை வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். பழைய பழக்கத்தின் பாதி அசைவு அப்படியே உறைந்து நின்றுவிட்டது என்றே நான் கருதுகிறேன். இராணுவத்தினரின் விரித்த உள்ளங்கைக்குச் சொல்லப்படும் காரணம், கையில் ஆயுதம் இல்லை என்று காட்டுவது.

1950ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி தொடங்கப்பட்ட இலங்கைக் கடற்படை, பிரித்தானியக் கடற்படையின் நடைமுறைகளை அடியொற்றி வளர்ந்தது. சல்யூட்டும் அவ்வழியே வந்தது. இந்தியாவில் தரைப்படையும் கடற்படையும் இதே இரு முறைகளைப் பின்பற்ற, விமானப்படை 2006இல் தரைக்கு 45 பாகை சாய்ந்த கையென்று நடுவழியொன்றை ஏற்றுக்கொண்டது.

ஆசிரியை கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பிரித்தானியக் கடற்படையில் முன்பு இடக்கையாலும் சல்யூட் செய்யலாம். எதிரே வருபவருக்கு அப்பால் உள்ள கை எதுவோ அதை உயர்த்துவது வழக்கமாக இருந்தது. 1920களில் அது நிறுத்தப்பட்டு வலக்கை மட்டுமே என்றாயிற்று. கிழக்கு நாட்டவர் இடக்கை மரியாதையை அவமதிப்பாகக் கொள்வர் என்பதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இடக்கையால் திருநீறு வாங்கினால் தலையில் குட்டு வைக்கும் பாட்டிமாரை அவர்கள் இங்கே கண்டிருப்பார்கள் போலும்.

பயிற்சி முடித்து வெளியேறும் அணிவகுப்புக்குப் போயிருந்தோம். நிகழ்வு முடிந்தபின் என் மகன் தொப்பியைக் கையில் வைத்திருந்தான். உயர் அதிகாரி ஒருவர் கடந்து சென்றபோது அவன் சல்யூட் செய்யாமல் நிமிர்ந்து மட்டும் நின்றான். இது பிழையாகக் கொள்ளப்படுமா?
*உப்புவெளியிலிருந்து ஒரு தாயார்*

கவலை வேண்டாம் அம்மா, உங்கள் மகன் செய்ததுதான் சரி. தலையில் தொப்பி இல்லாதபோது கை வணக்கம் செய்வதில்லை என்பது பிரித்தானிய வழிவந்த படைகளின் பொதுவிதி. கால்களைச் சேர்த்து, கைகளை விலாவோடு ஒட்டி நிமிர்ந்து நிற்பதே அப்போது வணக்கமாகும். தொப்பியைத் தொடும் பழக்கத்திலிருந்து வந்த சல்யூட், தொப்பி இல்லாத இடத்தில் பொருளற்றுப் போவது இயல்புதானே. அமெரிக்கத் தரைப்படையினர் வெறுந்தலையோடும் சல்யூட் செய்வதைத் திரைப்படங்களில் பார்த்துவிட்டுப் பலர் குழம்புகிறார்கள்.

தொப்பியைப் பற்றி எனக்குப் பிடித்த மரபொன்று உண்டு. மாலுமிகள் உணவருந்திக்கொண்டிருக்கும் தளத்தின் வழியே அதிகாரி ஒருவர் நடந்து செல்ல நேர்ந்தால், அவர் தம் தொப்பியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொள்வார். கடமைக்காக வரவில்லை, உங்கள் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன், எழுந்து நிற்க வேண்டாம் என்பது அதன் பொருள். சாப்பிடுகிறவனை எழுப்பக் கூடாது என்று நம் வீடுகளிலும் சொல்வார்கள்.

ஐம்பது வயது கடந்த மாலுமி ஒருவர், பேரன் வயதுள்ள இளம் அதிகாரிக்கு முதலில் சல்யூட் செய்வதைக் கண்டேன். நமது பண்பாட்டில் இளையவரல்லவா முதலில் வணங்க வேண்டும்?
*தம்பலகாமத்திலிருந்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்*

ஐயா, சல்யூட் ஆளுக்குரியதன்று. நாட்டின் தலைவர் பெயரால் அந்த இளைஞருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு உரியது அது. அவர் நாளை பதவி விலகிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்றால் அதே மாலுமி தலையசைத்துவிட்டுப் போகலாம்.

இதைவிட முக்கியமான பகுதி ஒன்று உண்டு. பார்வையாளர்கள் அதைக் கவனிப்பதில்லை. கீழுள்ளவர் செலுத்தும் வணக்கத்தை மேலுள்ளவர் திருப்பிச் செலுத்தியே ஆகவேண்டும். கண்டும் காணாதவர் போல் போகும் அதிகாரி மரபை மீறியவர் ஆவார். யார் முதலில் கை உயர்த்துவது என்பதில்தான் பதவி வேறுபாடு. கை உயர்த்தும் கடன் இருவருக்கும் சமம். அந்த மாலுமியின் முன்னால் அவ்விளைஞரும் கையை உயர்த்தியிருப்பார். நீங்கள் முதலாவதைக் கண்டீர்கள், இரண்டாவதைக் கவனிக்கவில்லை.

1960 முதல் 1970 வரை இலங்கைக் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் ரியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என எல்லாச் சமூகத்தவரும் அவருக்குச் சல்யூட் செய்தார்கள். அவரும் கடைசி மாலுமி வரை திருப்பிச் செலுத்தியாக வேண்டியிருந்தது. இன்றைய தலைமுறைக்கு இந்தப் பெயர் மறந்துபோயிருக்கலாம் என்பதால் எழுதிவைக்கிறேன்.

கப்பலைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருந்த நாளில் போயிருந்தேன். ஏணிப்படி ஏறி உள்ளே காலெடுத்து வைத்த மாலுமி, எதிரில் ஒருவரும் இல்லாத திசையைப் பார்த்துச் சல்யூட் செய்தார். யாருக்காக?
*க.பொ.த. உயர்தர மாணவர், ஓர்ஸ்ஹில்*

அவர் வணங்கிய திசை கப்பலின் பின்தளம். கடற்படையினர் கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் பின்தளத்துக்கு வணக்கம் செலுத்துவர். மத்தியகால ஐரோப்பியக் கப்பல்களின் பின்பகுதியில் சிலுவையோ மாதா சொரூபமோ இருந்ததென்றும், ஏறுகிறவர்கள் அதை வணங்கிய பழக்கமே எஞ்சி நிற்கிறதென்றும் ஒரு விளக்கம் உண்டு. கொடி பறப்பதும் பின்தளத்திலேயே. கப்பல் தலைவர் நிற்கும் இடமும் பழங்காலத்தில் அதுவே. சொரூபம் போனபின்னும் வணக்கம் போகவில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோட்டை வாசலிலேயே செருப்பைக் கழற்றாவிட்டாலும் அங்கேயே ஒருமுறை கைகூப்பிவிடுகிறார்கள் அல்லவா? மூலவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்று யாரும் காத்திருப்பதில்லை.

நீங்கள் அன்று ஓர் ஊதல் சத்தத்தையும் கேட்டிருக்கலாம். அதுதான் போசனின் ஊதல். போசன் என்பவர் தளத்தில் வேலை செய்யும் மாலுமிகளின் மேற்பார்வையாளர். நம் பழைய கப்பற்காரர் போசனைச் 'சிராங்கு' என்பார்கள். காற்றிலும் அலையோசையிலும் மனிதக் குரல் எடுபடாத இடத்தில், கீச்சென்று மேலேறி இறங்கும் அந்த ஒலி கப்பல் முழுவதும் கேட்கும். அக்கருவியின் உறுப்புகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள்: உருண்டைப் பகுதி மிதவை, குழாய் பீரங்கி, அடியில் ஓடும் தகடு ஏரா (கப்பலின் அடிமரம்), சங்கிலி கோக்கும் வளையம் சக்கிள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஊதலையும் ஒரு கப்பலாகவே பார்த்திருக்கிறார்கள்.

உயர் அதிகாரி ஏறும்போது அதை ஊதி வரவேற்பதன் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. துறைக்கு வராமல் நடுக்கடலில் நின்ற கப்பலுக்குப் படகில் வரும் அதிகாரியைக் கயிற்றில் கட்டிய நாற்காலியில் வைத்துத் தூக்குவார்கள். இழு, நிறுத்து, இறக்கு என்று கயிறு பிடித்தவர்களுக்குச் சொல்லும் கட்டளைதான் அந்த ஊதல். நாற்காலி ஒழிந்தது, கட்டளை வரவேற்பிசை ஆகிவிட்டது. பதவி உயர உயர அதிகாரியின் உடல் எடையும் கூடுவதால் கயிறு இழுக்க அதிகம் பேர் தேவைப்பட்டார்கள், அதனாலேயே வரவேற்பில் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை பதவிக்கேற்பக் கூடுகிறது என்று கடற்படையினரே கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

மரியாதை வேட்டு ஏன் இருபத்தொன்று? சுதந்திர தினத்தில் மட்டும் இருபத்தைந்து என்று செய்தியில் வருகிறதே?
*மூதூரிலிருந்து ஒரு வாசகர். இதே கேள்வியை வேறு மூவரும் கேட்டிருக்கிறார்கள்*

வாய்வழியே மருந்தும் குண்டும் திணிக்கும் பழைய பீரங்கியை ஒருமுறை சுட்டுவிட்டால் மறுபடி நிரப்பச் சில நிமிடங்களாவது ஆகும். ஆகவே துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல் தன் பீரங்கிகளை வெறுமையாக்கிக் காட்டுவது, 'இப்போது நான் உங்கள் கையில்' என்று சொல்வதற்குச் சமம். கோட்டையும் தன் பீரங்கிகளைச் சுட்டு அந்த நம்பிக்கையைத் திருப்பிக் கொடுக்கும். நமது பிரெடரிக் கோட்டையையும் ஒஸ்டன்பேர்க் முனையையும் மனக்கண்ணில் வைத்துப் பாருங்கள். ஒன்று மலையிலிருந்து வெளிக்குடாவையும் மற்றொன்று உட்துறைமுகத்தின் வாயையும் காவல் செய்கிறது. அவற்றின் கீழே வந்து நிற்கும் அந்நியக் கப்பல் முதலில் தன் குழல்களைக் காலியாக்கியது ஏன் என்பது அப்போது விளங்கும்.

எண்ணிக்கைக்கு வருவோம். கப்பல் ஏழு வேட்டு வைப்பது பழைய வழக்கம். கடலின் ஈரத்தில் வெடியுப்பு கெட்டுவிடும். கப்பலில் மருந்தும் அளவாகவே இருக்கும். கரையில் இந்தக் குறை இல்லாததால் கப்பலின் ஒவ்வொரு வேட்டுக்கும் கோட்டை மூன்று வைக்கும். ஏழு மூன்று இருபத்தொன்று. பின்னர் வெடிமருந்தின் தரம் உயர்ந்ததும் கப்பலும் இருபத்தொன்றுக்கு வந்துவிட்டது. அமெரிக்கா 1875இல் இவ்வெண்ணை ஏற்றுக்கொண்டதோடு, அரசுத் தலைவருக்கும் நாட்டுக்கும் 21 என்பது உலக வழக்காயிற்று. அதற்குக் கீழுள்ளவர்களுக்கு 19, 17, 15 என்று ஒற்றைப்படையிலேயே இறங்கும்.

ஒற்றைப்படை ஏன் என்று நம்மவருக்கு விளக்கவே தேவையில்லை. கலியாண வீட்டு மொய்யில் நூற்றோடு ஒரு ரூபாய் சேர்த்து வைக்கிறவர்கள் நாம். பழைய ஆங்கிலக் கடற்படையில் இரட்டைப்படை வேட்டு சாவைக் குறிப்பது; தலைவன் இறந்த கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பும்போது வைத்தது அது.

இருபத்தைந்தைப் பற்றி: பெப்ரவரி 4ஆம் திகதி நண்பகலில் கொழும்பு வெளிச்சவீட்டுக்கு அருகில் நமது கடற்படை வைக்கும் 25 வேட்டு, எந்த ஆளுக்கும் உரியதன்று, நாட்டுக்கு உரியது. ஜனாதிபதிக்குரிய 21ஐ விட அது நான்கு கூடுதல் என்பதைக் கவனியுங்கள். நாட்டின் தலைவரை விட நாடு பெரிது என்பதை வெடிமருந்தில் எழுதிக்காட்டியவர் யாராயினும் அவருக்கு ஒரு வணக்கம்.

எண்ணிக்கை விளையாட்டை அளவுக்கு மீறிக் கொண்டுபோனவர்கள் இந்தியாவை ஆண்ட பிரித்தானியர். பேரரசருக்கு 101, வைசிராய்க்கு 31 என்று வைத்துவிட்டு, சுதேச மன்னர்களை 21 முதல் 9 வரை படிவரிசையில் நிறுத்தினார்கள். ஐதராபாத்துக்கும் மைசூருக்கும் 21, திருவிதாங்கூருக்கு 19, நம் புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கு 17. அடுத்த சமஸ்தானத்துக்கு இரண்டு வேட்டுக் கூடிவிட்டதே என்று மன்னர்கள் தூக்கம் இழந்தார்கள். வெறுமையான பீரங்கியைக் காட்டும் நல்லெண்ணம், ஆளை அளக்கும் படியாகிப் போனதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டுப் போர்க்கப்பல் வரும்போது, வந்தவர் முதலில் நம் நாட்டுக்கு 21 வேட்டு வைப்பார். கரையிலிருந்து வேட்டுக்கு வேட்டு என்று எண்ணித் திருப்பப்படும். ஒன்று குறையவும் கூடாது, கூடவும் கூடாது.

காலையில் கடற்படைத் தளத்திலிருந்து கொடியேற்ற ஊதல் கேட்கும்போது வீதியில் போகும் நாங்கள் நிற்க வேண்டுமா? சீருடை அணிந்த அதிகாரி எதிரில் வந்தால் பொதுமகன் வணக்கம் செலுத்துவது கட்டாயமா?
*பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருகோணமலை நகரம்*

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். கட்டாயம் இல்லை. சல்யூட் என்பது சீருடை அணிந்தவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வது. பொதுமக்கள் சல்யூட் செய்ய வேண்டும் என்றோ, ஒதுங்கி நிற்க வேண்டும் என்றோ எந்தக் கடற்படை மரபும் சொல்லவில்லை. தெரிந்தவர் என்றால் வணக்கம் சொல்லுங்கள். தெரியாதவர் என்றால் உங்கள் வழியே போங்கள். இக்கேள்வியைப் பெயரில்லாமல் எழுத நேர்ந்தது ஏன் என்பதை, இந்த ஊரில் நாற்பது வயதைக் கடந்தவர் எவரும் அறிவார். அச்சத்தில் நிமிரும் முதுகும் மரியாதையில் நிமிரும் முதுகும் தூரத்திலிருந்து ஒன்றுபோலத் தெரியலாம். மரபு கேட்பது இரண்டாவதை மட்டுமே. அதையும் சீருடை அணிந்தவரிடம் மட்டுமே கேட்கிறது.

கொடி வேறு விடயம். துறைமுகத்தில் நிற்கும் போர்க்கப்பலிலும் கரைத்தளத்திலும் காலை எட்டு மணிக்குக் கடற்படைக் கொடி ஏற்றப்பட்டு, கதிரவன் மறையும்போது இறக்கப்படும். அந்த ஒரு நிமிடம் தளத்தினுள் எல்லா அசைவும் நிற்கும். தளத்தில் இருப்போர் கொடியை நோக்கித் திரும்பிச் சல்யூட் செய்வர். நீங்கள் விருந்தினராக உள்ளே இருந்தால், பேச்சை நிறுத்தி, தொப்பியிருந்தால் கழற்றி, கொடியைப் பார்த்து அசையாமல் நின்றால் போதும். நெஞ்சில் கைவைப்பது அமெரிக்கர் வழக்கம், நமக்குத் தேவையில்லை. வெளியே வீதியில் போகிறவருக்குக் கடப்பாடு எதுவும் இல்லை, நிற்பது அவரவர் விருப்பம்.

1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தைக் கையளிக்குமுன், நான் சிறுவனாக இருந்தபோது, தகப்பனாரின் சைக்கிள் பாரில் அமர்ந்து சில காலைகளில் டொக்யார்ட் வாசல்வரை போவேன். எட்டு மணி ஊதல் கேட்டதும் அவர் இறங்கி நிற்பார். வெள்ளைக்காரன் கொடிக்கு நீ ஏன் நிற்கிறாய் என்று கூட வந்த ஒருவர் கேட்டதற்கு, "இப்போது வாசற்காவலன் கதவைத் திறக்க மாட்டான் தம்பி, அங்கே போய் வெயிலில் நிற்பதிலும் இங்கே வேப்பமரத்தடியில் நிற்பது மேல்" என்றார். அவருடைய விளக்கத்தையும் மரபு நூல்களோடு சேர்த்துப் பதிந்துவைக்கிறேன்.

வணிகக் கப்பல்கள் போர்க்கப்பலைக் கடக்கும்போது கொடியைத் தாழ்த்தி உயர்த்துகின்றன என்று துறைமுகத்தில் வேலை செய்யும் என் மச்சான் சொல்கிறார். உண்மையா?
*கிண்ணியாவிலிருந்து ஒரு படகோட்டி*

உண்மை. வணிகக் கப்பல் தன் கொடியை மெல்ல இறக்கும். போர்க்கப்பல் தன் கொடியை இறக்கி ஏற்றிப் பதில் மரியாதை செய்யும். அதன் பின்னரே வணிகக் கப்பல் தன் கொடியை மீண்டும் உயர்த்தும். போர்க்கப்பல் தானாக முதலில் கொடியைத் தாழ்த்துவதில்லை. இரண்டு போர்க்கப்பல்கள் சந்தித்தால் கொடி அசையாது. போசனின் ஊதல் ஒலிக்க, தளத்தில் உள்ளவர்கள் அசையாமல் நிற்பார்கள். பணி மூப்பில் இளைய தலைவரின் கப்பல் முதலில் தொடங்கும்.

இந்தச் சிறு அசைவுக்காக ஒரு போரே மூண்டிருக்கிறது. தங்கள் கடலில் வரும் அந்நியக் கப்பல்கள் கொடியைத் தாழ்த்தியே ஆகவேண்டும் என்று ஆங்கிலேயர் பிடிவாதம் பிடித்த காலத்தில், 1652 மே மாதம் டோவர் அருகே ஒல்லாந்த அட்மிரல் திரொம்ப் உரிய நேரத்தில் அதைச் செய்யவில்லை. ஆங்கிலத் தளபதி பிளேக் எச்சரிக்கை வேட்டு வைக்க, பதிலுக்கு ஒல்லாந்தர் சுட, முதலாம் ஆங்கில ஒல்லாந்தப் போர் தொடங்கிவிட்டது. வணிகப் போட்டி முன்பே புகைந்துகொண்டிருந்தது. கொடி தீக்குச்சி மட்டுமே. திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1639இல் பிடித்த அதே ஒல்லாந்தர்தான் அங்கேயும்.

நம் ஊர்ப் பெயரில் இங்கிலாந்தில் ஒரு கப்பல் நிற்பதாகப் படித்தேன். பாய்மரங்களின் மேல் மனிதர்கள் வரிசையாக நிற்கும் படமொன்றும் பார்த்தேன். அது எதற்கு?
*நிலாவெளியிலிருந்து ஒரு மாணவி*

அக்கப்பலின் பெயர் 'திருகோணமலை' என்பதன் ஆங்கில வடிவமேதான். பம்பாயில் வாடியா குடும்பத்தாரின் கப்பல் தளத்தில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்டது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டு நிற்கிறது.

பாய்மரத்துக்குக் குறுக்கே கிடக்கும் பருமல்களின் மேல் மாலுமிகள் வரிசையாக நிற்பதும் பீரங்கியை வெறுமையாக்குவது போன்றதே. ஆட்களெல்லாம் மேலே ஏறி நிற்கிறார்கள் என்றால் கீழே பீரங்கியருகில் ஒருவரும் இல்லை என்று பொருள். பாய்மரம் போனபின், கப்பலின் கைப்பிடிக் கம்பியோரமாக வெள்ளைச் சீருடையில் இடைவெளி விட்டு நிற்கும் வழக்கமாக அது மாறியது. வெளிநாட்டுக் கப்பல்கள் நம் துறைமுகத்துக்குள் நுழையும்போது நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

படகில் ஏறும்போது பெரியவர் முதலிலா, சிறியவர் முதலிலா?
*சீனன்குடாவிலிருந்து*

கடற்படையில் சிறியவர் முதலில் ஏறுவார், பெரியவர் கடைசியில் ஏறுவார். இறங்கும்போது பெரியவர் முதலில் இறங்குவார். ஆடும் படகில் காத்திருக்கும் நேரம் பெரியவருக்குக் குறைவாக இருக்கட்டும் என்பதே கணக்கு. நம் கலியாண பஸ்ஸில் நடப்பதற்கு நேர்மாறு.

அரைக்கம்பத்தில் கொடி பறக்கும்போது நேராகப் பாதியளவில் கட்டிவிடலாமா? எங்கள் பாடசாலையில் அப்படிச் செய்தார்கள்.
*மனையாவெளியிலிருந்து ஒரு பெற்றோர்*

கூடாது. முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பின்னர் மெதுவாகப் பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் அவிழ்க்குமுன்னும் மறுபடி உச்சிக்கு ஏற்றியே இறக்க வேண்டும். துக்கத்தின் நடுவிலும் கொடிக்குரிய முழு உயரத்தை ஒருமுறை கொடுத்துவிட வேண்டும் என்பது மரபு. பாடசாலை அதிபரிடம் தனியாகச் சொல்லுங்கள். மேடையில் திருத்த வேண்டாம்.

உப்புவெளிப் போர் மயானத்தில் நடந்த நினைவஞ்சலியில் பியூகிள் வாசித்தார்கள். இராணுவ இறுதிச் சடங்குகளில் மூன்று முறை சுடுவதையும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். இவற்றின் பொருள் என்ன?
*உப்புவெளியிலிருந்து மற்றொரு வாசகர்*

பியூகிளில் வாசிக்கப்பட்டது 'லாஸ்ட் போஸ்ட்' எனும் ஊதல். இரவில் காவலர் கடைசிக் காவலிடத்தையும் பார்த்து முடித்துவிட்டார், நாள் முடிந்தது என்று முகாமுக்கு அறிவிக்கும் அன்றாட ஒலியே அது. நாள் முடிந்தது என்ற செய்தி, ஆயுள் முடிந்தது என்ற பொருளைப் பின்னர் பெற்றுக்கொண்டது. மூன்று முறை சுடுவதற்கு, போரின் நடுவே இருதரப்பும் சண்டையை நிறுத்தி இறந்தவர்களை எடுத்துச் சென்றபின், மீண்டும் ஆயத்தம் என்று காட்டச் சுட்டார்கள் என்னும் விளக்கம் உண்டு. வேட்டு மரியாதை வேறு, இது வேறு. முன்னது பீரங்கி, பின்னது துப்பாக்கி.

கடற்படையினரின் பேழைமேல் கொடி போர்த்தி, அதன்மேல் தொப்பியையும் அதிகாரி என்றால் வாளையும் வைப்பார்கள். துப்பாக்கி ஏந்தியவர்கள் குழல் நிலம்நோக்கியிருக்கத் தலைகுனிந்து நிற்பார்கள். அந்த மயானத்தில் உறங்குபவர்களில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி நம் துறைமுகத்தின்மேல் ஜப்பானியர் குண்டு வீசிய காலத்தவரும் உள்ளனர். மயானத்துக்குப் போகிற இளைஞர்கள் கல்லறைகளின்மேல் சாய்ந்து படம் எடுக்காதிருந்தால் அதுவே போதுமான மரியாதை.

கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற என் தாத்தா, வேட்டி சட்டையோடு நின்றுகொண்டே தொலைக்காட்சியில் கொடியைக் கண்டால் சல்யூட் செய்கிறார். இது சரியா? அவருடைய காலத்துக்குப் பின் அவருடைய பதக்கங்களை நான் அணியலாமா?
*பெயர் குறிப்பிடாத பேத்தி*

விதியின்படி பார்த்தால், சாதாரண உடையில், தொப்பியில்லாமல் இருப்பவர் நிமிர்ந்து நின்றால் போதும். அவர் முப்பது வருடம் செய்த அசைவு அது. கை தானாக உயர்கிறது. நீங்கள் திருத்த வேண்டாம்.

பதக்கத்தைப் பொறுத்தவரை, தாம் பெற்றதை இடப்பக்க மார்பிலும், மறைந்த உறவினருடையதை வலப்பக்க மார்பிலும் அணிவது பொதுநலவாய நாடுகளின் வழக்கம். நினைவு நாட்களில் நீங்கள் வலப்பக்கம் அணியலாம். அதுவரைக்கும் எந்தப் பதக்கம் எதற்காகக் கிடைத்தது என்று தாத்தாவிடமே கேட்டு, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.